பாஸ்வேர்ட் சரி, இன்டர்நெட் இருக்கு... டெர்மினலில் மட்டும் மெயில் ஏன் வரல?

தினமும் காலை 7 மணிக்கு என் ஸ்கிரிப்ட் ஒன்று மெயில் அனுப்பும். முந்தைய நாள் ஹைதராபாத்தில் எந்தப் பகுதியில் எவ்வளவு மழை என்ற சின்ன அட்டவணை. எனக்கும் டெஸ்க்கில் இருக்கும் இரண்டு பேருக்கும் வரும். மழை இல்லாத நாளில் அனுப்பாதே என்று நானே எழுதி வைத்திருந்தேன்.

பழைய சர்வரிலிருந்து புதிய கிளவுட் சர்வருக்கு அதை மாற்றினேன். அன்றோடு மெயில் நின்றுவிட்டது. யாருமே கவனிக்கவில்லை. மெயில் வராவிட்டால் மழை இல்லை என்று மூன்று பேருமே எடுத்துக்கொண்டோம். 11 நாள் கழித்து, மாதாப்பூரில் முழங்கால் அளவு தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சக ஊழியர் கேட்டார்: "நேத்து ராத்திரி பெய்ஞ்ச மழைக்குக் கூடவா மெயில் வரல?"

சர்வருக்குள் போய்ப் பார்த்தால் எல்லா மெயிலும் உள்ளேயே கிடக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள் அனுப்ப முடியாத மெயிலை இயல்பாக 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். அதற்குப் பிறகு "போகல" என்று அனுப்பியவருக்கே திருப்பிவிடும். அனுப்பியவர் யார்? சர்வரின் ரூட் கணக்கு. அந்தப் பெட்டியை நான் ஒருநாளும் திறந்ததில்லை.

அந்த ஒரு நாள் முழுக்கத் தோண்டியதில் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை. "மெயில் வரல" என்பது ஒரே பிரச்சினை இல்லை; ஐந்து தனித்தனிப் பிரச்சினைகளுக்கு ஒரே பெயர். எந்தப் படியில் சிக்கியிருக்கிறது என்பதைப் பிழைச் செய்தி பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. நாம்தான் அதைப் படிக்காமல் நேராக பாஸ்வேர்டை மாற்றப் போகிறோம்.

இன்னும் யாருங்க டெர்மினல்ல மெயில் பார்க்கிறாங்க?

நியாயமான கேள்விதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தபோது, குறைந்த கட்டணக் கணக்கு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது வெறும் எழுத்துத் திரை. டயல் செய்து, கறுப்புத் திரையில் பைன் என்ற மென்பொருளைத் திறந்து மெயில் படித்த தலைமுறை ஒன்று இருக்கிறது. உங்கள் டீமின் சீனியர் ஆர்க்கிடெக்ட் அதில் ஒருவராக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

இன்று அது ஏக்கத்துக்காக மட்டும் இல்லை. லினக்ஸ் கெர்னலில் ஒரு வரி மாற்ற வேண்டுமென்றாலும் அந்த மாற்றத்தை மெயிலாகத்தான் அனுப்ப வேண்டும். அதுவும் அலங்காரம் இல்லாத வெறும் எழுத்தாக; ஹெச்டிஎம்எல் மெயில் போனால் அந்தப் பட்டியல்கள் நிராகரித்துவிடும். குவால்காம், ஏஎம்டி போன்ற சிப் நிறுவனங்களுக்கு ஹைதராபாத்தில் பெரிய அலுவலகங்கள் உண்டு. இரண்டுமே கெர்னலுக்குத் தொடர்ந்து பங்களிப்பவை. அந்த வேலைக்கு வருகிறவருக்கு முதல் வாரச் சோதனை பல நேரம் கோடு இல்லை, கிட் மூலம் மெயில் அனுப்ப வைப்பதுதான்.

மட், நியோமட், ஆல்பைன் என்று மெயில் படிக்கும் டெர்மினல் கிளையன்ட்கள். எம்எஸ்எம்டிபி போல அனுப்ப மட்டும் உதவும் சின்னக் கருவிகள். என்னைப் போன்றவர்களின் அலர்ட் ஸ்கிரிப்ட்கள். எல்லாம் தட்டுவது ஒரே கதவுகளைத்தான். இந்தக் கருவிகள் அழகாகப் பேசாது. ஆனால் "ஏதோ தவறு நடந்துவிட்டது, பிறகு முயலவும்" என்று மழுப்பவும் செய்யாது.

ஒரு குறிப்பு: கமாண்டுகளைக் கீழே தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்தில் அடியுங்கள்.

அந்த ஐந்து படிகள் என்ன?

கச்சிபௌலியில் ஒரு பெரிய அப்பார்ட்மென்ட்டில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போகிறீர்கள். முதலில் முகவரி வேண்டும். பிறகு சரியான கேட் வழியாக உள்ளே போக வேண்டும். கதவைத் திறப்பவர் உண்மையிலேயே உங்கள் நண்பர்தானா என்று பார்க்க வேண்டும். அவர் "வாங்க" என்று சொல்ல வேண்டும. கடைசியாக, நீங்கள் யார் என்பதை நிரூபிக்க வேண்டும்.

மெயில் இணைப்பும் இதே வரிசைதான். பெயரைத் தேடுவது டிஎன்எஸ். கேட் என்பது போர்ட். ஆள் அடையாளம் பார்ப்பது டிஎல்எஸ் சான்றிதழ். "வாங்க" என்பது சர்வரின் முதல் வரி. நிரூபிப்பது லாகின். பாஸ்வேர்ட் வருவது கடைசிப் படியில். மூன்றாவது படியில் நின்றுகொண்டு பாஸ்வேர்டை மாற்றினால் ஒன்றும் ஆகாது. இன்னொரு தலைவலி மட்டும் கூடும்: போனிலும் லாகின் போய்விடும்.

முதல் படியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ஹோஸ்ட் என்ற கமாண்டோடு சர்வர் பெயரை அடித்தால் ஐபி எண் வர வேண்டும். வராவிட்டால் பெயரில் எழுத்துப்பிழை, இல்லையென்றால் உங்கள் நெட்வொர்க்கின் டிஎன்எஸ் சொதப்பல். இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. ஒரு டொமைனின் எம்எக்ஸ் பதிவில் இருக்கும் பெயர், மற்ற மெயில் சர்வர்கள் வந்து கடிதம் போடும் வாசல். நீங்கள் மெயில் படிக்கவும் அனுப்பவும் போக வேண்டிய வாசல் வேறு. ஜிமெயிலுக்கே இரண்டும் வேறு வேறு பெயர்கள். எம்எக்ஸைப் பார்த்து அதையே கான்ஃபிகில் போட்டால் வேலை செய்யாது.

"ரெஃப்யூஸ்ட்" வேறு, "டைம்ட் அவுட்" வேறு

இரண்டாவது படிக்கு நெட்கேட் போதும். என்சி, ஹைஃபன் விஇசட், சர்வர் பெயர், போர்ட் எண். வரும் பதிலை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

"கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்று உடனே வந்தால், நீங்கள் கட்டடம் வரை போய்விட்டீர்கள். அந்தக் கதவில் ஆள் இல்லை. பெரும்பாலும் போர்ட் எண் தவறு, அல்லது அந்தச் சேவை ஓடவில்லை. சில நேரம் ஃபயர்வாலே இப்படி முகத்தில் அடித்தாற்போல் சொல்வதும் உண்டு.

நீண்ட நேரம் ஒன்றுமே வராமல் கடைசியில் "டைம்ட் அவுட்" என்றால் கதை வேறு. நீங்கள் அனுப்பியதை வழியில் யாரோ சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அலுவலக ஃபயர்வால், கிளவுட் நிறுவனம், பிராட்பேண்ட் நிறுவனம் என யாராகவும் இருக்கலாம். உறுதிசெய்ய எளிய வழி: போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதே கமாண்டை மறுபடி ஓட்டுங்கள். ஹாட்ஸ்பாட்டில் வந்து ஆபீஸ் வைஃபையில் வரவில்லையென்றால், உங்கள் கான்ஃபிகைத் தொடவே தேவையில்லை. ஐடி டீமுக்கு டிக்கெட் போடுங்கள்.

நேர்மாறாகவும் நடக்கும். ஜியோ போன்ற மொபைல் நெட்வொர்க்குகள் பெரும்பாலும் ஐபிவி6-இல் ஓடுகின்றன. சில அலுவலகங்களில் ஐபிவி6 இருப்பதுபோல் காட்டும், ஆனால் வெளியே போகாது. கிளையன்ட் முதலில் அந்த வழியில் முட்டிக்கொண்டு நிற்கும். நெட்கேட்டில் ஹைஃபன் 4 சேர்த்து ஓட்டினால் உடனே இணைகிறதா? அப்படியென்றால் குற்றவாளி ஐபிவி6.

போர்ட் 25: என் மழை மெயில் செத்த இடம்

மெயில் உலகில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய எண்கள் ஐந்தே. மெயில் படிக்க ஐமேப்: 993, அல்லது பழைய 143. அனுப்ப எஸ்எம்டிபி: 465 அல்லது 587. மிச்சம் இருப்பது 25.

எஸ்எம்டிபி விதிமுறை 1982-இல் எழுதப்பட்டபோது எல்லாமே 25 வழியாகத்தான். பின்னால் ஸ்பேம் பெருகியபோது, ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்குக் கொடுப்பதையும், ஒரு பயனர் தன் சர்வரிடம் கொடுப்பதையும் பிரித்தார்கள். 1998-இல் பயனர்களுக்கு 587 ஒதுக்கப்பட்டது. 25 சர்வர்களுக்குள் நடக்கும் பரிமாற்றத்துக்கு என்று ஆனது.

அதன் விளைவை இன்று கிளவுட்டில் சர்வர் எடுக்கும் எல்லோரும் சந்திக்கிறார்கள். அமேசானின் ஏடபிள்யூஎஸ் 2022 நவம்பரில் ஹைதராபாத்தில் தனி ரீஜன் திறந்தது. அங்கே மட்டுமில்லை, அதன் எந்த ரீஜனில் சர்வர் எடுத்தாலும் வெளியே போகும் 25 இயல்பாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். நீக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். கூகுள் கிளவுட் அதை அடைத்தே வைத்திருக்கிறது. வீட்டு பிராட்பேண்ட் நிறுவனங்கள் பலவும் அப்படித்தான். ஸ்பேம் அனுப்ப ஹேக் செய்யப்பட்ட கணினிகளைத் தடுக்க இதுவே எளிய வழி என்பதால், இதில் அவர்களைக் குறைசொல்ல முடியவில்லை.

குறை என்னிடம்தான் இருந்தது. பழைய சர்வரில் 25 திறந்திருந்தது. அதே கான்ஃபிகை அப்படியே புதியதில் ஒட்டினேன். லாகில் வரிவரியாக "டைம்ட் அவுட்". நான் அங்கே போய்ப் பார்க்கவே 11 நாள் ஆனது.

"ராங் வெர்ஷன் நம்பர்": வெர்ஷனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை

மூன்றாவது படிக்கு வந்துவிட்டோம். பலரும் மாட்டுவது இங்கேதான். ஆபத்தான முடிவு எடுப்பதும் இங்கேதான்.

993, 465 இரண்டிலும் நுழையும்போதே ரகசியப் பேச்சு தொடங்கிவிடும். 143, 587 இரண்டிலும் முதலில் வெளிப்படையாக ஓரிரு வரி பேசி, பிறகு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று சொல்லி ரகசியத்துக்கு மாற வேண்டும். முடிந்த இடத்தில் முதல் வகையையே பயன்படுத்துங்கள் என்பது 2018-இல் வெளியான இணைய விதிமுறையின் பரிந்துரை.

இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் வரும் பிழைகள் சுவாரசியமானவை. 587-இல் போய் நேராக டிஎல்எஸ் பேசினால், சர்வர் பாவம் "220 வணக்கம்" என்று வெறும் எழுத்தில் பதில் தரும். உங்கள் கிளையன்ட் அந்த எழுத்துகளை டிஎல்எஸ் வெர்ஷன் எண்ணாக நினைத்துப் படித்து, "ராங் வெர்ஷன் நம்பர்" என்று அலறும். உடனே ஓப்பன்எஸ்எஸ்எல்லை அப்டேட் செய்ய ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை. போர்ட்டும் முறையும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

நேர்மாறாக, 465-இல் போய் வெறும் எழுத்து வணக்கத்துக்குக் காத்திருந்தால், இரண்டு பக்கமும் மற்றவர் பேசட்டும் என்று மௌனமாக நிற்பார்கள். எம்எஸ்எம்டிபியில் போர்ட்டை 465 என்று மாற்றிவிட்டு, டிஎல்எஸ்-ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற வரியை ஆஃப் செய்ய மறப்பது இதற்கு உன்னதமான உதாரணம்.

நேரடியாகப் பார்க்க ஒரு கமாண்ட்: ஓப்பன்எஸ்எஸ்எல், எஸ் அண்டர்ஸ்கோர் கிளையன்ட், ஹைஃபன் கனெக்ட், சர்வர் பெயர், ஒரு கோலன், 993. போர்ட் 587 என்றால் கூடவே ஹைஃபன் ஸ்டார்ட்டிஎல்எஸ், எஸ்எம்டிபி என்று சேர்க்க வேண்டும். திரை முழுக்கக் கொட்டும். பயப்படாமல் இரண்டு இடத்தை மட்டும் பாருங்கள். மேலே, சான்றிதழை வழங்கியவர் பெயர். கீழே, வெரிஃபை ரிட்டர்ன் கோட். அது 0 என்றால் சான்றிதழ் சங்கிலி சரி. ஆனால் அந்தச் சான்றிதழ் நீங்கள் கேட்ட பெயருக்கு உரியதுதானா என்பதை இந்தக் கருவி தானாகச் சரிபார்க்காது. அதனால்தான் இங்கே 0 வந்த பிறகும் மட் "பெயர் பொருந்தவில்லை" என்று சொல்லக்கூடும். அப்போது மட் சொல்வதை நம்புங்கள்.

சான்றிதழ் பிழைக்கு நான் பார்த்த காரணங்களில் மிக அற்பமானது, கணினியின் தேதி தவறாக இருப்பது. மிகப் பெரியது 2021 செப்டம்பர் 30-இல் நடந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் அமைப்பு சார்ந்திருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் அன்று காலாவதியானது. சர்வரில் ஒரு தவறும் இல்லை. புதிய மூலச் சான்றிதழ் தெரியாத பழைய கணினிகளும், ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 வைத்திருந்த சர்வர்களும் ஒரே நாளில் தடுமாறின. பழைய சர்வரை "ஓடுது, தொடாதே" என்று விட்டு வைப்பவர்களுக்கு இப்படித்தான் ஒருநாள் வரும்.

ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் சான்றிதழ் பிழை வருதா?

பிரவுசரில் மெயில் திறக்கிறது. அதே லேப்டாப்பில் டெர்மினல் மட்டும் "நம்ப முடியாத சான்றிதழ்" என்கிறது. மேலே சொன்ன கமாண்டில் வழங்கியவர் பெயரைப் பாருங்கள். அங்கே உலகறிந்த சான்றிதழ் அமைப்புக்குப் பதிலாக உங்கள் கம்பெனியின் பெயரோ ஃபயர்வால் பெயரோ இருந்தால், விஷயம் புரிந்துவிடும். கம்பெனி ஃபயர்வால் நடுவில் உட்கார்ந்து இணைப்பைப் பிரித்துப் பார்த்து, தன் சான்றிதழைக் கொடுத்து மறுபடி மூடி அனுப்புகிறது. ஐடி டீம் அந்தச் சான்றிதழை லேப்டாப்பின் நம்பிக்கைப் பட்டியலில் ஏற்கெனவே சேர்த்திருப்பதால் பிரவுசர் கேள்வி கேட்பதில்லை. டெர்மினல் கருவிகள் பல நேரம் தனிப் பட்டியல் வைத்திருக்கும். அதில் இது இருக்காது.

அலுவலக மெயில் என்றால், ஐடி டீமிடம் அந்த மூலச் சான்றிதழைக் கேட்டு வாங்கிச் சேர்க்கலாம். சொந்த மெயில் என்றால், அந்த நெட்வொர்க்கில் அதைத் திறக்க வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

இங்கேதான் அந்த ஆபத்தான முடிவு. மட் இப்படி ஒரு சான்றிதழைச் சந்தித்தால் நிராகரிக்கவா, இந்த ஒருமுறை ஏற்கவா, எப்போதும் ஏற்கவா என்று கேட்கும். அவசரத்தில் "எப்போதும்" என்பதற்கான ஏ எழுத்தைத் தட்டிவிடுகிறோம். எம்எஸ்எம்டிபியில் டிஎல்எஸ்-சர்ட்செக் என்பதை ஆஃப் செய்தால் பிழை மாயமாகிவிடும். இணையத்தில் தேடினால் கிடைக்கும் பல பதில்கள் இதைத்தான் "தீர்வு" என்கின்றன. பிஜி ஹாஸ்டல் வைஃபையில் நானும் ஒருமுறை இதைச் செய்திருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதன் பொருள் என்ன? கதவைத் திறப்பவர் யார் என்று பார்க்காமல் சாவியை நீட்டுகிறீர்கள். அந்த வைஃபையில் நடுவில் யாராவது உட்கார்ந்திருந்தால் உங்கள் பாஸ்வேர்ட் முழுசாக அவர் கைக்குப் போகும். உங்கள் மெயில்தான் மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டேன்" லிங்க் வரும் இடம். வங்கி, டீமேட், பிஎஃப் எல்லாம் அந்த ஒரு பெட்டியில் தொங்குகின்றன. சான்றிதழ் சோதனையை அணைப்பது பிழையைச் சரிசெய்வது ஆகாது. பிழையைச் சொல்லும் வாயை மூடுவதுதான்.

சரி, எல்லாம் தாண்டியாச்சு. பாஸ்வேர்ட் ஏன் ஏற்கல?

ஓப்பன்எஸ்எஸ்எல் வழியாக இணைந்ததும் ஐமேப் சர்வர் ஒரு நட்சத்திரக் குறியோடு ஓகே என்று சொல்லும். எஸ்எம்டிபி சர்வர் 220 என்று தொடங்கும். அதுதான் நான்காவது படி. அந்த வரியைப் பார்த்துவிட்டால் மீதி இருப்பது லாகின் மட்டும்.

எஸ்எம்டிபியின் பதில் எண்களில் முதல் இலக்கம் பாதி கதையைச் சொல்லும். 4-இல் தொடங்கினால் "இப்போ முடியல, அப்புறம் வா". 5-இல் தொடங்கினால் "முடியாது". ஐந்தில் தொடங்கும் பதிலுக்கு மறுபடி மறுபடி முயல்வதில் பயனில்லை. அதிக முறை தட்டினால் கணக்கே தற்காலிகமாகப் பூட்டப்படலாம்.

ஜிமெயிலில் 534 5.7.9 வந்தால், ஆப் பாஸ்வேர்ட் வேண்டும் என்று அதுவே சொல்கிறது. 2022 மே 30 முதல், தனிநபர் கணக்குகளில் வெறும் ஜிமெயில் பாஸ்வேர்டை வைத்து இப்படிப்பட்ட கிளையன்ட்களில் நுழைவதை கூகுள் நிறுத்தியது. 2025-இல் அலுவலகக் கணக்குகளுக்கும் அதே நிலை. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்க வேண்டும். 535 5.7.8 என்றால் நீங்கள் கொடுத்தது பொருந்தவில்லை: பழைய பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கலாம், அல்லது எழுத்துப்பிழை.

பாஸ்வேர்டில் டாலர் குறி இருக்கிறதா? மட்டின் கான்ஃபிக் கோப்பில் இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி வந்தால், அதை ஒரு மாறியின் பெயராக எடுத்துக்கொண்டு வேறு எதையோ நிரப்பிவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். பிரவுசரில் சரியாக வேலை செய்யும் பாஸ்வேர்ட் டெர்மினலில் மட்டும் மறுக்கப்படுவதற்கு இது ஒரு அப்பாவிக் காரணம்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் இன்னும் கடினம். 2022 அக்டோபர் 1 முதல் அலுவலக எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் கணக்குகளில் ஐமேப்புக்கு வெறும் பாஸ்வேர்ட் முறையை அணைக்கத் தொடங்கினார்கள். 2024 செப்டம்பர் 16 முதல் தனிநபர் அவுட்லுக் கணக்குகளிலும். அங்கே ஓஆத் முறைதான்: பிரவுசரில் ஒருமுறை அனுமதி கொடுத்து, கிடைக்கும் டோக்கனை கிளையன்ட் பயன்படுத்தும். மட்டோடு இதற்கென்றே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வருகிறது. ஆனால் அலுவலகக் கணக்கில் உங்கள் அட்மின் அனுமதிக்காமல் ஒன்றும் நடக்காது. 535 5.7.139 என்று வந்தால் இரவு 2 மணி வரை உட்காராதீர்கள். அது உங்கள் கையில் இல்லை, அட்மினிடம்தான் இருக்கிறது.

கூகுளில் ஓஆத் போடுபவர்களுக்கு ஒரு பொறி. உங்கள் செயலியை "டெஸ்டிங்" நிலையிலேயே விட்டால், ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகிவிடும். திங்கட்கிழமை சரிசெய்தீர்கள், ஞாயிறு வரை ஓடியது, மறு திங்கட்கிழமை மறுபடி செத்தது என்றால் காரணம் இதுதான்.

நம்ம ஊர் ஜோஹோவுக்கு வருவோம். சுமார் 12 லட்சம் அரசு மெயில் கணக்குகள் அதன் தளத்துக்கு மாறிய செய்தி 2025-இல் வந்த பிறகு, பலர் சொந்தக் கணக்கும் தொடங்கினார்கள். இந்தியாவில் தொடங்கிய கணக்கு இந்திய டேட்டா சென்டரில் இருக்கும். அதற்கு சர்வர் பெயர் டாட் இன் என்று முடிய வேண்டும். பழைய வழிகாட்டியைப் பார்த்து டாட் காம் என்று போட்டால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் உள்ளே விடாது. சொந்த டொமைனில் இயங்கும் நிறுவனக் கணக்கு என்றால் ஐமேப் என்ற இடத்தில் ஐமேப்ப்ரோ என்று இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கான இலவசத் திட்டத்தில் ஐமேப் வசதியே கிடையாது. அங்கே எத்தனை கமாண்ட் ஓட்டினாலும் பதில் மாறாது.

கையால் பேசிப் பார்க்கும்போது ஒரு கண்ணிவெடி

லாகின் ஆகிவிட்டது, ஆனால் அனுப்ப முடியவில்லை என்றால் சர்வரிடம் நேரடியாகவே பேசிப் பார்க்கலாம். ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு ஹைஃபன் சிஆர்எல்எஃப் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு யாரிடமிருந்து என்று ஒரு வரி, யாருக்கு என்று ஒரு வரி. இரண்டாவது வரி ஆர்சிபிடி என்று தொடங்கும். அதைப் பெரிய எழுத்தில் அடித்தீர்களோ, இணைப்பு குழம்பிவிடும். காரணம் மெயில் சர்வர் இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் இந்தக் கருவிக்கு, பெரிய ஆர் எழுத்தில் தொடங்கும் வரி என்றால் "ரகசியப் பேச்சை மறுபடி தொடங்கு" என்ற உத்தரவு. பெரிய க்யூ என்றால் வெளியேறு. சின்ன எழுத்தில் அடித்தால் பிரச்சினை இல்லை. அல்லது ஹைஃபன் கொயட் சேர்த்துவிடுங்கள். இதை அறியாமல் ஒரு மாலை முழுவதும் மெயில் சர்வரைத் திட்டியிருக்கிறேன்.

அனுப்பியது ஏற்கப்பட்டும் ஜிமெயில் முகவரிகளுக்கு மட்டும் 550 5.7.26 என்று திரும்பினால், உங்கள் டொமைனின் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளைப் பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கறார். அது இணைப்புப் பிரச்சினை அல்ல என்பதால் இங்கே இத்தோடு விடுகிறேன்.

இன்னொன்று, பயமுறுத்தும் ஆனால் ஒன்றுமில்லாத விஷயம். தமிழில் பெயர் வைத்த மெயில் ஃபோல்டர் சில கருவிகளின் லாகில் ஆம்பர்சேண்ட் குறியும் சி எழுத்துமாகத் தொடங்கும் குப்பையாகத் தெரியும. ஐமேப் அந்தப் பெயர்களை அப்படித்தான் மாற்றி எழுதும். ஃபோல்டர் பத்திரமாக இருக்கிறது.

லாகை யாருக்காவது அனுப்பப் போறீங்களா? ஒரு நிமிஷம்

சிக்கல் தீரவில்லையென்றால் லாகை எடுத்து நண்பருக்கோ ஆபீஸ் குரூப்பிலோ போடுவோம். மட்டில் ஹைஃபன் டி சேர்த்து, ஓர் எண் கொடுத்தால் விரிவான லாக் கிடைக்கும். எண் கூடக் கூட விவரமும் கூடும். அதோடு உங்கள் தனிப்பட்ட தகவலும்.

அதில் ஆத் ப்ளெயின் என்ற சொல்லுக்குப் பின்னால், புரியாத எழுத்துகளால் ஆன ஒரு நீண்ட சரம் இருக்கலாம். பார்க்க ரகசியக் குறியீடு போலவே இருக்கும். இல்லை. அது பேஸ்64; உங்கள் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வேறு வேஷத்தில் நிற்பது. திருப்பிப் படிக்க ஒரே ஒரு கமாண்ட் போதும், எந்தச் சாவியும் வேண்டாம். இப்படி ஒரு லாகை 200 பேர் இருக்கும் குரூப்பில் போட்டுவிட்டு "என்ன பிரச்சினைன்னு பாருங்க" என்று கேட்டவர் ஒருவரைத் தெரியும். பிரச்சினையைக் கண்டுபிடித்தவர் அவருக்கு முதலில் அனுப்பிய பதில்: "பாஸ்வேர்டை உடனே மாத்துங்க."

அனுப்பும் முன் அந்த வரியை அழியுங்கள். பாஸ்வேர்டை கமாண்டிலேயே அடித்திருந்தால் அது ஷெல் ஹிஸ்டரியிலும் உட்கார்ந்திருக்கும், அதையும் நீக்குங்கள். ஆப் பாஸ்வேர்ட் வைத்திருந்தால் இந்த இடத்தில் ஒரு வசதி: அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்து புதியது எடுக்கலாம், மற்ற லாகின்கள் கலையாது.

என் மழை ஸ்கிரிப்டை 25-இலிருந்து 587-க்கு மாற்றி, ஆப் பாஸ்வேர்ட் போட்டு, திரும்பி வரும் மெயில்கள் ரூட்டுக்குப் போகாமல் என் பெட்டிக்கே வரும்படி செய்ய 20 நிமிடம் ஆனது. கூடவே ஒரு நிபந்தனையையும் நீக்கினேன். இப்போது வெயில் கொளுத்தும் ஏப்ரலிலும் காலை 7 மணிக்கு "மழை: 0 மி.மீ." என்று ஒரு மெயில் வருகிறது. டெஸ்க்கில் கிண்டல் செய்கிறார்கள். அது வராத அன்றைக்கு 7.05-க்கே போன் செய்யவும் செய்கிறார்கள்.